படித்துக் காட்டியவர்

கண் போய்க்கொண்டிருந்த மூன்று வருடமும் மருந்தம்மாவுக்குப் படித்துக் காட்டியவர் அவள் கணவர்தான். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எண்ணையும் புறப்படும் நேரத்தையும் முப்பது வருடம் ஒலிபெருக்கியில் சொல்லிப் பழகிய தொண்டை. செய்தித்தாளை எடுத்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே படிப்பார். காலையில் தேநீரோடு தலைப்புச் செய்திகள், குளித்துவிட்டு வந்ததும் ரசீதுகளும் வங்கிக் குறுஞ்செய்திகளும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தங்கை அனுப்பும் மின்னஞ்சல். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "இப்படி ஒரு மனுஷன் யாருக்கு வாய்க்கும், சொல்லுங்க!" அவளும் சிரித்துத் தலையாட்டுவாள். அப்போது அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

மருத்துவமனை மருந்தகத்தில் இருபத்தேழு வருடம் நின்றதால் ஒட்டிக்கொண்ட பெயர் மருந்தம்மா. முதலில் அலமாரியின் ஓரங்கள் வளைந்து தெரிந்தன. பிறகு பார்க்கிற இடத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு விழுந்தது. ஒரு நாள் மாத்திரைப் பட்டையிலிருந்த ஐம்பது அவளுக்கு ஐந்தாகத் தெரிந்தது. எடுத்துக் கொடுத்தும் விட்டாள். வேறு வேலையாக அங்கே வந்து நின்ற பரிசோதனைக்கூடத் தோழி கவனித்து, வாசல்வரை ஓடிப்போய் அதைத் திரும்ப வாங்கி வந்தாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே மருந்தம்மா விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அதே மருத்துவமனையின் கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார், படம் எடுத்தார். "விழித்திரை நடுவுல தேய்மானம். வயசாறதில்ல? இதுக்கு மருந்து கிடையாதும்மா" என்று அனுப்பிவிட்டார்.

தங்கை எட்டு மணி நேர ரயில் பயணத் தொலைவில் வேறொரு நகரத்தில் இருந்தாள். முப்பத்திரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் காது இரண்டையும் கொண்டுபோய்விட்டது. ஃபோன் அவளுக்கு உதவாது. அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டதெல்லாம் எழுத்தில்தான். விஷயத்தைக் கேள்விப்பட்டதும், தனக்குத் தெரிந்த பெரிய கண் மருத்துவரிடம் காட்டுகிறேன், படத்தை அனுப்பு என்று எழுதினாள். கணவர்தான் கைபேசியிலிருந்து அனுப்பினார். பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"அக்கா, டாக்டர் படத்தைப் பார்த்துட்டார். இவரும் அதையேதான் சொல்றார். வைத்தியம் ஒண்ணும் இல்லையாம். மனசைத் தளர விடாதே. அத்தான் கூட இருக்காரே, அதுவே பெரிய பலம்."

மருந்தம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தங்கையின் மின்னஞ்சல்கள் குறைந்து, கடைசியில் வருடப் பிறப்புக்கு ஒரு வாழ்த்து என்ற அளவில் வந்து நின்றன. "காதோட சேர்த்துப் பாசமும் போயிடுச்சு போல" என்று மருந்தம்மா ஒருமுறை சொன்னாள். அவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பரிசோதனைக்கூடத் தோழி ஒரு முற்பகலில் தன் பழைய டேப்லெட்டைக் கொண்டுவந்து மருந்தம்மாவின் மடியில் வைத்தாள். "எழுத்தை எவ்வளவு வேணும்னாலும் பெருசாக்கிக்கலாம். கறுப்புல வெள்ளையா மாத்தியிருக்கேன், கண் கூசாது. வேணும்னா அதுவே வாய்விட்டும் படிக்கும்."

"வாய்விட்டுப் படிக்கத்தான் ஏற்கெனவே ஆள் இருக்கே. எனக்கு நானே படிக்கணும்" என்றாள் மருந்தம்மா.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ இந்தப் பலகை எதுக்கு?" என்றார் கணவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். அவர் போன பிறகு தோழி செய்தித்தாளை, இரண்டு நாவல்களை, அப்படியே மருந்தம்மாவின் மின்னஞ்சலையும் அதில் ஏற்றிக் கொடுத்தாள். கணக்கு மருந்தம்மாவின் பெயரில்தான் இருந்தது. கடவுச்சொல்லும் அவளுக்கு நினைவிருந்தது.

எழுத்தை எல்லை வரைக்கும் பெருக்கினால் திரைக்கு இரண்டு வார்த்தை, நீளமானதாக இருந்தால் ஒன்றே ஒன்று. அதையும் நேராகப் பார்த்தால் அந்தச் சாம்பல் பொட்டு விழுங்கிவிடும். பார்வையைக் கொஞ்சம் மேலே, சட்டத்தின் விளிம்புக்குத் தள்ளினால் எழுத்து கீழே ஓரத்தில் வந்து நிற்கும். படிக்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் படிக்க வேண்டும். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஒரு பத்தி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோனது. நாவலில் யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை. சரி, ஏற்கெனவே தெரிந்த விஷயமாக எடுத்துப் படித்தால் கை பழகும் என்று நினைத்துத் தங்கையின் பழைய மின்னஞ்சல்களைத் திறந்தாள். அந்த டாக்டர் கடிதம் அவளுக்கு மனப்பாடம்.

"அக்கா, டாக்டர்" என்று வந்தது. சரி. "படத்தைப் பார்த்துவிட்டார்." சரி. "உன் கண்ணில்" என்றது அடுத்த திரை. அப்படி ஒரு வார்த்தை அதில் கிடையாதே என்று நின்றாள். விரலால் தள்ளினாள். "நீர் கசிகிறதாம்." "இது வேறு" "வகையாம்." "இதற்கு ஊசி" "இருக்கிறது."

தன் கண்தான் தப்பாகக் காட்டுகிறது என்று மூடித் திறந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாதம் ஓர் ஊசி. ஒரு மாதத்துக்குள் தொடங்கினால் பார்வை மேலும் போகாமல் நிறுத்திவிடலாம். மாடி அறையைத் துடைத்து வைத்துவிட்டேன். அத்தானையும் கூட்டிக்கொண்டு உடனே வா. இவ்வளவையும் படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

அதன் கீழே அவள் எழுதிய பதில் இருந்தது. அவள் எழுதாத பதில். "யார் வீட்டிலும் போய் ஒண்டிக்கொள்ள வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை. என் கண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி இதைப் பற்றி எழுதாதே. அக்கா." தங்கை மூன்று முறை கெஞ்சியிருந்தாள். மூன்றுக்கும் அதே வெட்டான பதில். கடைசியாக, "சரி அக்கா. இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்."

கடையிலிருந்து வந்தவர் கேட்டார். "என்ன, கண்ணு சிவந்திருக்கு?"

"பழகலை, அதான்."

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "என்னங்க, தங்கச்சி அந்த டாக்டரைப் பத்தி எழுதியிருந்தாளே, அதை இன்னொருதரம் படிங்களேன்" என்றாள்.

"அது எதுக்கு இப்போ?"

"சும்மா. கேக்கணும் போல இருக்கு."

அவர் கைபேசியைத் தேடித் திறந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, டாக்டர் படத்தைப் பார்த்துட்டார்" என்று தொடங்கினார். ஒரு சொல் பிசகவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். "அதுவே பெரிய பலம்" என்ற இடத்தில் முன்பு மாதிரியே குரல் லேசாகத் தழுதழுத்தது.

மருந்தம்மா அவர் முகம் இருந்த பக்கம் திரும்பினாள். நேராகப் பார்த்தால் அவர் முகம் தெரியாது. காதும் தோளும்தான் தெரியும்.

"உன் கண்ணில் நீர் கசிகிறதாம். இதற்கு ஊசி இருக்கிறது. மாடி அறையைத் துடைத்து வைத்துவிட்டேன்" என்றாள். "இது எந்தக் கடுதாசிங்க?"

அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்" என்றார். "கண்ணுக்குள்ள ஊசி குத்தறதுன்னா சும்மாவா? இருக்கிறதும் போயிட்டா?"

"பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம். இருபத்தேழு வருஷம் மருந்து கொடுத்தவ. எனக்குப் புரியாதா?"

"அந்தச் சகலை வீட்டுல போய் ஒரு வருஷம் உட்காரச் சொல்றியா? கல்யாண மண்டபத்துல அத்தனை பேர் முன்னாடி, 'இவர்தான் பஸ் ஸ்டாண்டுல கத்தறவர்'னு காட்டினான். நீயும்தானே பக்கத்துல நின்னே?"

"நீங்க வர வேண்டாம். நான் மட்டும் போயிருப்பேன்."

"நீ போயிட்டா நான்?"

சட்டென்று வாய் தவறி வந்துவிட்டது அது. அன்றிலிருந்து அவர் செய்தித்தாளைத் தனக்குள்ளேயே படித்துக்கொண்டார்.

தங்கைக்கு எழுத அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டியதில் பாதி வார்த்தைகள் கால் ஒடிந்து கிடந்தன. நடந்தது இது, உனக்கு அப்படி எழுதியது நான் இல்லை, எனக்கு இப்போதுதான் தெரியும் என்று எழுதி அனுப்பினாள். பதில் மறுநாளே வந்தது. மூன்றே திரை.

"இதை எழுதுவது" "யார்? அக்காவா," "அத்தானா?"

மருந்தம்மாவுக்கு அழுகைகூட வரவில்லை. தான்தான் என்று எழுதி எப்படி நம்பவைப்பது? எதை எழுதினாலும் அதே கணக்கிலிருந்து, அதே பெயரில்தானே போகும்.

நாலாம் நாள் காலை அழைப்பு மணி அடித்தது. கணவர்தான் கதவைத் திறந்தார். தங்கை ஒரு பையோடு நின்றாள். அவரைத் தாண்டி உள்ளே வந்து, அக்காள் கையிலிருந்த டேப்லெட்டையும் அதிலிருந்த பெரிய வெள்ளை எழுத்துகளையும் பார்த்தாள். "நீதான் எழுதினியா அக்கா?" என்றாள். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரல், தெருவுக்கே கேட்டிருக்கும். மருந்தம்மா அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துத் தலையாட்டினாள். அன்று பிற்பகல் ரயிலுக்கே இருவரும் கிளம்பினார்கள். கணவர் பெட்டியைத் தூக்க வந்தார். தங்கை கொடுக்கவில்லை.

பெரிய மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "அப்பவே வந்திருந்தா ரெண்டு கண்ணையும் அப்படியே நிறுத்தியிருக்கலாம். இப்போ இடது கண்ணுல தழும்பு கட்டிடுச்சு. வலதுல இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். போனது வராதும்மா."

மாதம் ஓர் ஊசி. மருந்துச் சொட்டுக்குப் பிறகு ஒரு சிறு அழுத்தம், அவ்வளவுதான். முதல் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், இதற்குத்தானா என்று நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். தங்கைக்கு அது கேட்கவில்லை. தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, அழுகிறாள் என்று நினைத்து அணைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம் கணவர் வந்தார். சகலை எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உட்காருங்க" என்று தேநீர் கொண்டுவரச் சொன்னார். கேலி ஒன்றும் இல்லை. பழைய பேச்சு சகலைக்கு நினைவிருந்ததாகவே தெரியவில்லை. கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தேநீரைக் குடித்தார். பிறகு மாடிக்கு வந்து மருந்தம்மாவிடம் கேட்டார்.

"எப்ப வர்றே?"

"தெரியலை."

"உன்கிட்டக் கொஞ்சம் பேசணும்."

"எழுதி அனுப்புங்க. நானே படிச்சுக்கறேன்."

ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து எழுதினார். மருந்தம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பார்வையைச் சட்டத்தின் மேல்விளிம்பில் நிறுத்தி, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். தண்ணீர் மோட்டார் பழுதாகிச் சரிசெய்த கதை. பரிசோதனைக்கூடத் தோழி விசாரித்தது. பீரோச் சாவி எங்கே என்ற கேள்வி. எதிர்வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். தனக்கு முட்டி வலி. கடைசியில், "உடம்பைப் பார்த்துக்கொள்."

முற்பகல் பாதி போயிருந்தது. வேறு ஏதாவது ஒரு வரியை அந்தச் சாம்பல் பொட்டு விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்து, தொடக்கத்துக்குப் போய் இன்னொருமுறை, இம்முறை இன்னும் மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். வேறு வரி எதுவும் இல்லை.