மாமனுக்கு ஆகாத கொடி

வயிற்றில் இருந்த பிள்ளை சும்மாதான் இருந்தது. வீட்டில் இருந்தவர்கள்தான் பூவிழியை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

தொப்புள்கொடியின் ரத்தக் குழாய்கள் கருப்பை வாசலுக்குக் குறுக்கே ஓடுகின்றன என்று டாக்டர் படம் போட்டே காட்டியிருந்தார். பனிக்குடம் உடைந்தால் குழாயும் அறுந்துவிடும், பிள்ளை நிமிடத்தில் போய்விடும். வலி வருவதற்கு முன்பே ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்க வேண்டும், ஆபரேஷன்தான். இன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்.

கொடியில் கோளாறு என்றால் அம்மா வேலாயிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கழுத்தில் சுற்றியிருக்கிறது. கொடி சுற்றிய பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது, அவன் உயிருக்கே ஆபத்து. கிண்ணத்து எண்ணெயில் பிள்ளையின் நிழலைப் பார்த்த பிறகுதான் மாமன் அதன் முகத்தை நேரில் பார்க்க வேண்டும்.

“கழுத்துல இல்லம்மா, வாசல்ல கெடக்கு. ரெண்டும் வேற லா!”

“எங்க கெடந்தா என்ன? கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு நாளைக்குப் போலாம்.”

நாளைக்காம்! பூவிழிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கணவன் அகிலனிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் மட்டும். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் வாடகைக் கார் எதுவும் சிக்கவில்லை. மிச்சம் அண்ணன் லிங்கேஸ்வரனின் கார்தான். நாளைக்கு வரைக்கும் தாங்காது என்று போனில் அவனிடம் சொல்லியும் விட்டாள். ஆனால் பக்கத்து மலையூரான திரிங்காப்பில் காய்கறி வியாபாரம் செய்யும் அவன்தானே பிள்ளைக்கு மாமன், விடமாட்டேன் என்று அண்ணி கார் சாவியை ஒளித்துவைத்திருந்தாள்.

மத்தியானம் தோட்டத்து லய வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது. நெற்றி நிறையத் திருநீற்றோடு அண்ணன் வந்திருந்தான். சாவியை எப்படி வாங்கினான் என்று சொல்லவில்லை. பூவிழி பின்சீட்டில் ஏறியதும், அவள் வயிறு கண்ணில் படாதபடி உள்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான்.

“பின்னால வர்ற லோரிய யாருண்ணே பாக்குறது? நீயுமா இந்தப் பைத்தியத்த நம்புற?”

அவன் வண்டியைக் கிளப்பினான். கோலா தெர்லாவில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோதும் அவள் திட்டித் தீர்த்தாள். மலை இறங்கும்வரை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் ஒன்றும் சுற்றியிருக்கவில்லை. அப்படியும் வார்டில் அண்ணன் சுவரைப் பார்த்தபடியே நின்றான். அம்மா பையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். பூவிழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நெஜமாவே செத்துருவேன்னு நம்புனியாண்ணே?”

“நம்புனேன். வரும்போது எம் பிள்ளைங்களக் கட்டிப் பிடிச்சிட்டுத்தான் வந்தேன்.”

“அப்புறம் எதுக்கு வந்த?”

“நாளைக்கு வரைக்கும் தாங்காதுன்னு சொன்னியே.”

 கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெயில் பிள்ளையின் முகம் தெரியும்படி பூவிழியே கிண்ணத்தை வாங்கிப் பிடித்தாள்.

“பாருண்ணே” என்றாள்.