சகலையின் நிலா

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த வெல்டரின் கண்ணில் முதலில் பட்டது நிலா. கூடத்துச் சுவரில், சட்டம் போட்டு, பள்ளம் மேடெல்லாம் தெரிய, அப்போதுதான் கழுவி வைத்த மாதிரி இருந்தது. அங்கே மாட்டியிருந்த கல்யாணப் படம் கதவுக்குப் பின்னால் போயிருந்தது.

"தங்கச்சி வீட்டுக்காரர் எடுத்தது. எவ்ளோ பொறுமை இருந்தா இப்படி வரும்?" என்றாள் மனைவி.

பொறுமையாம். ஆபீசில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து முத்திரை குத்துகிற ஆளுக்குப் பொறுமைக்கு என்ன பஞ்சம்? முப்பது வருஷம் நெருப்புக்கு முன்னால் குந்தியிருந்தும் எரியாத வயிறு அன்றைக்கு எரிந்தது. அந்தத் தெருவில் பாதி வீட்டு இரும்புக் கேட் அவர் பற்றவைத்தது. ஒரு கேட்டைப் பார்த்தாவது இவள் பொறுமை என்று சொன்னதுண்டா? அந்தச் சுவர் அவருக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு கேமரா கடைக்குப் போனார்.

"எதுக்குங்க, என்ன எடுக்கப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"எல்லாத்துக்கும்தான். வீட்டு விசேஷம், பேரப்புள்ளைங்க. வானமும் எடுக்கணும். என் சகலை உங்ககிட்டதான் வாங்கினான். அதுக்கு மேல ஒண்ணு குடுங்க."

"சகலைக்கு மேலேன்னு இன்னும் மாடல் வரலீங்க."

வெல்டர் சிரிக்கவில்லை. கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். நட்சத்திரத்துக்கு வாய் அகன்ற லென்ஸ் வேண்டுமாம், நிலாவுக்கு நீளமானது, வீட்டுக்கு நடுவாந்தரம். மெகாபிக்சலைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஆடாத ஸ்டாண்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது என்றார். கடைசியில் இருப்பதிலேயே விலை குறைந்ததை முன்னால் தள்ளினார். வியாபாரி விலை குறைந்ததைத் தள்ளினால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது. வெல்டர் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். இரும்பு வாங்குகிறவன் வேறு எப்படி வாங்குவான்? கனமானதை எடுத்துக்கொண்டார். லென்ஸிலும் நீளமானதையே.

"ஸ்டாண்டு?"

"அதை நானே அடிச்சுக்குவேன்."

"சரிங்க. வெளிச்சத்துக்கு நேரா மட்டும் காட்டிராதீங்க. உள்ள கருகிடும்."

கருகுவதைப் பற்றி இவன் சொல்லித்தானா அவருக்குத் தெரிய வேண்டும்? அன்று பௌர்ணமி. நிலா ஏறும் நேரத்துக்கு மொட்டை மாடியில் தன் இரும்பு ஸ்டாண்டை நிறுத்தினார். வெல்டிங்குக்கு முகத்தில் பிடிக்கிற கறுப்புக் கண்ணாடியில் இருப்பதிலேயே கறுத்ததை எடுத்து, லென்ஸுக்கு முன்னால் டேப் சுற்றி ஒட்டினார். பளிச்சென்று இருக்கும் எதையும் அவர் வெறுங்கண்ணால் பார்த்ததில்லை. இருபது படம் எடுத்தார். இருபதும் தார் பூசின மாதிரி வந்தது.

துணி எடுக்க வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "நிலா எங்கங்க?"

"வரும்."

"தங்கச்சி வீட்டுக்காரருக்கு மொத தடவையே வந்துதாம்."

ஓட்டைக் கேமராவைத் தன் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன் என்று முடிவு செய்தார். காலையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்புமுன், சூரியன்கூட இதில் விழாது என்று சண்டைக்கு ஆதாரம் காட்ட, ஒட்டின கண்ணாடியோடு எதிர்வீட்டு மாடிக்கு மேல் ஏறின சூரியனைப் பார்த்து மூன்று தடவை அமுக்கினார். திரையில் பச்சையாக ஒரு வட்டம் வந்தது. அதற்குள் இரண்டு கறுப்புப் புள்ளி. ஊதினார், துடைத்தார். புள்ளி போகவில்லை.

"தூசி புடிச்ச சரக்கை என் தலையில கட்டிட்டீங்க," என்றார் கடைவாசலிலேயே.

கடைக்காரர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு லென்ஸைப் பார்த்தார். "நிலாவுக்கும் இதைத்தான் ஒட்டினீங்களா?"

"நீங்கதான வெளிச்சத்துக்குக் காட்டாதீங்கன்னு சொன்னீங்க."

"சூரியனைச் சொன்னேங்க. நிலா என்ன பண்ணும், பாவம்." மூன்று படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார். "பாருங்க, சூரியன் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு இடத்துல இருக்கு. புள்ளியும் அதுகூடவே போகுது. தூசின்னா இருந்த இடத்துலதான இருக்கும்? இது சூரியன் மேலயே இருக்கிற புள்ளி. உங்க சகலை ரெண்டு வருஷமா இதை எடுக்க இப்படி ஒரு கறுப்புக் கண்ணாடி கேக்கிறாரு. எனக்கு இன்னும் கிடைக்கல."

கடைசியில் சொன்ன அந்த ஒரு சேதிக்காக வெல்டர் அவரை மன்னித்தார்.

அடுத்த ஞாயிறு கூடத்துச் சுவரில் பச்சைச் சூரியன் இருந்தது. மாட்டியது மனைவிதான். நிலா சமையலறைப் பக்கம் போய்விட்டது. விருந்துக்கு வந்த சகலை படத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், சாப்பிடக் கூப்பிட்டும் நகரவில்லை. அந்த முகத்தை வெல்டருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

"அண்ணே, அந்தக் கண்ணாடி எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

"இருந்ததே ஒண்ணுதான். இப்பல்லாம் அது வர்றதே இல்ல."

மனைவி உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். காகிதம் பிரிக்காத ஆறு கண்ணாடிகள். "கட்டிலுக்கு அடியில இருந்துதுங்க. மறந்துட்டீங்க போல," என்று ஒன்றை எடுத்துச் சகலையின் கையில் கொடுத்தாள். வெல்டர் பல்லைக் காட்டினார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று மேலே பார்த்தார். வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மேகம், ஊசி போகிற அளவுக்குக்கூட இடைவெளி இல்லை. மழை பிடித்தால் வெளிவேலை கிடையாது, அன்றைக்குக் கூலியும் பாதிதான். போகட்டும். சகலையின் கண்ணாடிக்கும் அன்றைக்கு வேலை கிடையாது. விசில் அடித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.