நூற்றுப் பதினேழாவது தட்டு

காணாமல் போய்ப் பதினோரு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தையல்காரியின் கணவர் நூற்றுப் பதினேழாவது டிவிடியில் அகப்பட்டார். படத்தில் யாருக்கோ கல்யாணம். விருந்தாளிகளின் மூன்றாவது வரிசையில், பிளேடு வாங்கிவரப் போன அன்று போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டையோடு உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

மகள் வேலைக்குச் சேர்ந்ததும் தனக்கென்று ஓர் அறை கேட்டிருந்தாள். அந்த அறையை அடைத்துக் கிடந்தவை அவர் வாங்கிக் குவித்த நானூற்றுப் பன்னிரண்டு டிவிடி தட்டுகள். எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டுப் பெட்டிகளைக் காலிசெய்ய வேண்டியதுதான் என்று முடிவானது. தட்டுக்கு அரை மணி நேரம். தையல்காரி மிஷினை மிதித்தபடியே லேப்டாப்பில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவரைத் தேடி ஏழு முறை பிணவறைக்குப் போனவள் அவள். ஏழு முகங்களின் துணியை விலக்கிப் பார்த்தவள். மனுஷனோ வீட்டுப் பெட்டிக்குள்ளேயே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“யோவ்!” என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். “கத்தாத. படம் ஓடிட்டிருக்குல்ல?”

“புள்ளைக்கு அப்ப ஒன்பது வயசுய்யா. தெனம் வாசல்லயே உக்காந்திருந்தா.”

“இங்க நிம்மதியா இருக்கேன். விடேன்.”

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. படம் ஏறி முடிந்ததும் நகலைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலி. படம்தான் ஏறும், ஆள் ஏறமாட்டார் என்று புரிந்தது. துணி வெட்டும் கத்திரியை எடுத்துத் தட்டை இரண்டாக வெட்டினாள். அவர் அடுத்த தட்டுக்குத் தாவினார். பதினாறு நாள் துரத்தினாள். போர்க்களத்தில் செத்தவர்போல் கிடந்தார், நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குப் பின்னால் பதுங்கினார். தைக்கக் கொடுத்தவர்கள் வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள்.

“விட்டுத்தொலைம்மா. அந்த ஆளுக்காக நீ ஏன் சாகற?” என்றாள் மகள்.

“அவரு நிம்மதியா இருக்கக் கூடாதுடி.”

கடைசியில் மிஞ்சியது எண்கள் சொல்லித்தரும் குழந்தைகள் தட்டு. மகளுக்கென்று அவர் வாங்கிய ஒரே தட்டு, உறைகூடப் பிரிக்கவில்லை. பிரித்துப் போட்டதும், அதற்குள் கார்ட்டூன் வாத்துகளுக்கு நடுவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“இத நான் வெட்டறேன்” என்று மகள் கத்திரியை வாங்கிக்கொண்டாள்.

வெட்டியதும் அவர் தொப்பென்று தரையில் விழுந்தார். போன அன்றிருந்த அதே முப்பத்தாறு வயது. நாற்பத்தைந்தைத் தொட்ட மனைவி ஓங்கி ஓர் அறை விட்டாள். மகள் தன் புது அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

இப்போது தைக்க வரும் துணிகளுக்குப் பொத்தான் தைப்பதும் இஸ்திரி போடுவதும் அவர்தான். தெருவில் எல்லாரும் அவரைத் தையல்காரியின் தம்பி என்று நினைத்துக்கொண்டார்கள். யாராவது கேட்டால், அவளும் தலை நிமிராமல், “ஆமா, தம்பிதான்” என்கிறாள்.