வாய்தான் என் ஆணி டப்பா

முப்பது வருடமாக என் வாய்தான் எனக்கு ஆணி டப்பா. கான்கிரீட் தளத்துக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலையில் ஒரு கை பலகையைப் பிடிக்கும், ஒரு கை சுத்தியலைப் பிடிக்கும். மூன்றாவது கை யாருக்கும் இல்லாததால் ஆணியை உதட்டில் கவ்விக்கொள்வோம். கவ்வினால் பேச முடியாது. யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவேன். அதனாலேயே உடையார்பாளையம் பக்கம், ‘செல்லக்கண்ணு விவரமான ஆளு, அனாவசியமா வாயத் தொறக்க மாட்டான்’ என்று எனக்கு ஒரு பெயர்.

அந்தப் பெயரைக் கெடுத்தது என் படிப்பு. தலை நரைத்த பிறகுதான் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கற்றதில் ஒரு குறை: மனசுக்குள் படிக்க வராது. உதடு அசைந்தால்தான் எழுத்து நகரும்.

அன்று ஒரு வீட்டுக்குத் தளம் போட மேலே பலகை அடித்துக்கொண்டிருந்தேன். வாயில் நாலைந்து ஆணி. எதிரே ரோட்டோரம் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். விடுவேனா? “மஞ்சள் நீரா…” வரைக்கும் போனேன். மற்ற ஆணியெல்லாம் கீழே விழ, ஒன்று மட்டும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த வேல்முருகன் அண்ணாந்து பார்த்தான்.

“ஏண்ணே, ஆணிய மண்டையில போடுறீங்க?”

“ஒண்ணு உள்ள போயிடுச்சுடா.”

“எந்த உள்ள?”

வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ராசாங்கம் மேஸ்திரி, “நேரா ஆஸ்பத்திரிக்குப் போ” என்றார். விவரமான ஆள் அல்லவா, நேராக வீட்டுக்குப் போனேன். என் மனைவி சிந்தாமணி ஒரு சீப்புப் பூவன் பழத்தை உரித்து வைத்தாள். சோற்றையும் உருட்டி உருட்டிக் கொடுத்தாள். “முழுங்குங்க, வழுக்கிட்டு எறங்கிடும்.” கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படி ஊட்டியதில்லை. ஆணியை மறந்து சாப்பிட்டேன்.

சாயங்காலம் வயிறு சுருக்கென்றது. அரியலூர் போய் எக்ஸ்ரே எடுத்தோம். ஆணி நெட்டுக்குத்தாக நின்றது. நான் அடித்த ஆணிகூட அவ்வளவு நேராக நின்றதில்லை.

“என்ன சாப்பிட்டீங்க?” என்றார் டாக்டர்.

“கொஞ்சம் பழம்.”

“ஒரு சீப்புங்க. அப்பறம் சோறு” என்றாள் சிந்தாமணி.

டாக்டர் நெற்றியைத் தடவினார். “வயிறு காலியா இருந்தா வாய் வழியா குழாய் விட்டு இப்பவே எடுத்திருக்கலாம். இப்ப விட்டா பழந்தான் தெரியும். வயிறு காலியாகறதுக்குள்ள ஆணி சிறுகுடலுக்குப் போயிடும். பெரம்பலூர்ல நீளக் குழாய் இருக்கு. அதுக்கு எட்டினா சரி. எட்டலன்னா, இல்ல குடல குத்திடுச்சுன்னா, வயித்தத்தான் கிழிக்கணும்.”

“கிழிச்சா வேலைக்கு எப்பங்க போலாம்?”

“பாரம் தூக்க ஆறு மாசம் ஆகும்.”

தூக்கினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். தூக்காத செல்லக்கண்ணுவுக்குத் தெரிந்த வேறு வேலை போர்டு படிப்பது ஒன்றுதான்.

பெரம்பலூர் போகும் ஆம்புலன்ஸில் உள்ளே ஒட்டியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன். சிந்தாமணி என் வாயைப் பொத்தினாள்.

“படிச்சது போதும்.” கொஞ்ச தூரம் போனதும், “பழத்த நாந்தான குடுத்தேன்” என்றாள்.

“தின்னது நாந்தான” என்றேன், அவள் கைக்குள்ளிருந்தே.

காலையில் மறுபடியும் எக்ஸ்ரே. ஆணி சிறுகுடலுக்குள் இறங்கியிருந்தது. மணிமொழி என்ற டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “எட்டும்னு நெனைக்கிறேன். தலையப் புடிச்சு இழுக்கணும், கூர் பின்னால வரணும்” என்றார்.

“நாங்களும் தலையத்தான் புடிச்சுப் புடுங்குவோம் டாக்டர்.”

“நேரா வருமா?”

“பாதி வளைஞ்சிடும்.”

“இது வளையாது. கண்ண மூடுங்க.”

விழித்தபோது தொண்டை எரிந்தது. முதல் காரியமாக வயிற்றைத் தடவினேன். கட்டு இல்லை, பிளாஸ்திரி இல்லை, பழைய தொப்புள் மட்டும் இருந்தது. பக்கத்து எவர்சில்வர் தட்டில் ஆணி கறுத்துக் கிடந்தது. சிந்தாமணி அதையே முறைத்துக்கொண்டிருந்தாள், என்னை முறைக்க வேண்டியதையும் சேர்த்து.

அடுத்த வாரமே தளத்தில் ஏறிவிட்டேன். மேஸ்திரி என் இடுப்பில் ஒரு துணிப்பையைக் கட்டி ஆணியை அதில் போட்டார். வாய் காலியானதும் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னேன். போகிற பஸ் போர்டையெல்லாம் படித்தேன்.

மத்தியானத்துக்குள் வேல்முருகனுக்கு அலுத்துவிட்டது. “இவ்ளோ நாளா ஒங்களப் பெரிய ஆளுன்னு நெனச்சிட்டிருந்தேன்ணே.”

ரோஷம் வந்து வாயை மூடிக்கொண்டேன். ஒரு பலகை அடித்து முடிப்பதற்குள் கீழிருந்து மேஸ்திரியின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

“யோவ் செல்லக்கண்ணு, ஏன் சத்தத்தக் காணோம்? வாயத் தொற.”

திறந்து காட்டினேன். திறந்தது திறந்தபடி எதிரே பார்த்தேன். அந்த ஃபிளெக்ஸை இன்னும் அவிழ்க்கவில்லை. “…ட்டு விழா” என்று சத்தமாகப் படித்து முடித்தேன்.