சாரதா வீட்டு நிச்சயத்துக்கு ஒரு கல் மண்டபம்

வசந்தாமணிக்கு ஞாபகசக்தி அதிகம் என்று அவள் கணவர் நஞ்சுண்டன் சொல்லுவார். பாராட்டாகச் சொல்வதில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எந்த வளைகாப்பில் யார் எந்தப் புடவையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவள் தலைக்குள் அடுக்கடுக்காக இருக்கும். அதில் கை எட்டுகிற தட்டில் சாரதா இருந்தாள்.

சாரதா செய்தது இதுதான். தொண்ணூற்றாறில் வசந்தாமணியின் மகள் வான்மதிக்கு டெக்சாஸிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை செழியன், ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கிரீன் கார்டு கையில், ஒரே பையன். ஜாதகம் பொருந்தி, குலம் கூட்டம் எல்லாம் விசாரித்து, பையனின் அம்மா பர்வதம் பெண் பார்க்க டிக்கெட் போடுகிற நிலைமையில் சாரதா அவளுக்கு ஒரு போன் செய்தாள். "வான்மதி தங்கமான பொண்ணுங்க. என்ன, பாவம், அப்பப்ப மயக்கம் போட்டு விழுவா. மத்தபடி ஒரு குறையுமில்லீங்க." வான்மதி விழுந்தது ஒரே ஒரு முறை. தமிழ்ச் சங்கத்துத் தீபாவளி விழாவில் டான்ஸ் ஆடுவதற்காகக் காலையிலிருந்து பட்டினி கிடந்தாள், விழுந்தாள். அதற்கு வைத்தியம் ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். ஆனால் டெக்சாஸில் அது வலிப்பு நோயாகப் போய்ச் சேர்ந்தது.

வரன் நின்றுபோனது. அதோடு விட்டிருந்தால் வசந்தாமணியும் ஒருவேளை மறந்திருப்பாள் என்று சொல்லலாம், பொய்தான் என்றாலும். ஒன்றரை வருஷம் கழித்து அதே செழியனைச் சாரதா தன் மகள் வெண்பாவுக்குப் பேசி முடித்தாள். சேதியைச் சொல்ல ஒரு டப்பா மைசூர்பாகோடு நேராக வசந்தாமணி வீட்டுக்கே வந்தாள்.

"மொதல்ல உங்களுக்குத்தானுங்க அக்கா சொல்றேன்," என்றாள்.

வசந்தாமணி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நெய்யி கம்மியாப் போட்டுட்டயே சாரதா," என்றாள். அன்றைக்கு அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

இனி ஊரில் இருந்த ஒரு பழைய சர்ச்சுக்கு வருவோம். ஊர்த் தமிழர்களுக்கு அந்தச் சர்ச் என்றால் அதன் பின்னால் இருக்கிற ஹால். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஜனவரியில் பொங்கல், நடுவில் யார் வீட்டுக் காதுகுத்தானாலும் அங்கேதான். வாடகை மலிவு, சமையலறை பெரிது, சாம்பார் வாசனைக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு அம்மாக்கள் எல்லாரும் மாலுக்குப் போய்விடுவார்கள். வசந்தாமணி மட்டும் போகமாட்டாள். வான்மதி வளர்ந்து பார்மசி படிக்கப் போன பிறகும் வகுப்புக்குச் சாவி வைத்திருக்கிற பொறுப்பை அவள் விடவில்லை. பூட்டிய கதவு எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுக்குத் தோதாக அங்கே மிஸஸ் ஹாலோவே என்று ஒரு கிழவி இருந்தாள். அந்தச் சர்ச்சின் சரித்திரத்தைக் கேட்க ஆள் கிடைக்காமல் பல வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தவள். கேட்பதற்கென்றே பிறந்த வசந்தாமணியும் சொல்வதற்கென்றே உயிர் வைத்திருந்த மிஸஸ் ஹாலோவேயும் சந்தித்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

செங்கல் சூளை வைத்துப் பணக்காரரான ஒரு வெள்ளைக்காரர் நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது அது. அவருக்கு இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன கிராமம். தன் ஊர்ச் சர்ச் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று அங்கிருந்தே ஒரு மேஸ்திரியைக் கப்பலில் வரவழைத்தார். சூளை முதலாளி ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, முழுக்கப் பழுப்புக் கல். மேற்கே சதுரமாக ஒரு கோபுரம். உள்ளே நுழைந்ததும் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்கிற கல்தொட்டி, சபைக்குள் புதிதாகப் பிறக்கிறவர்கள் வாசலிலிருந்துதான் உள்ளே வரவேண்டுமாம். அப்புறம் ஜனங்கள் உட்காருகிற நீளமான கூடம். அதைத் தாண்டினால் செதுக்கிய மரத்தடுப்பு, இரண்டு படி உயரம், அதற்கப்பால் கிழக்குக் கோடியில் பலிபீடம். "நம்ம ஊர்ல மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறைங்கற மாதிரியேதான். கிழக்குப் பாத்துத்தான் கும்புடறாங்க," என்று அன்று இரவே நஞ்சுண்டனுக்கு விளக்கினாள். அவர் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்குச் சுவரில் ஒரு கதவைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். வடக்கு சாத்தான் திசை, அவன் போகத்தான் அந்தக் கதவு என்று பழைய ஊரில் நம்பினார்களாம். பழைய ஊரில் அடைத்திருந்ததால் இங்கே கட்டும்போதே அடைத்துக் கட்டிவிட்டார்கள். அது வசந்தாமணிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தெருவிலிருந்து உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு வாசல் உண்டு. நான்கு ஓக் மரத்தூண், மேலே ஓடு வேய்ந்த சரிவான கூரை, இரண்டு பக்கமும் திண்டு, நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீளக் கல் மேடை. கூரை முழுக்க ரோஜாக்கொடி. தூணுக்கு மேலே லத்தீனில் ஏதோ செதுக்கியிருக்கும். கிராமத்தில் யாராவது செத்தால் சவப்பெட்டியைத் தூக்கிவந்து அந்தக் கல்லில்தான் இறக்கிவைப்பார்களாம். பாதிரியார் வந்து முதல் ஜெபம் சொல்லும்வரை பிணம் அங்கே காத்திருக்கவேண்டும். மழைக்கு நனையாமல் இருக்கத்தான் கூரை. "இந்தக் கல்லில் முதலில் படுத்தவர் யார் தெரியுமா, அந்தச் சூளை முதலாளியேதான். கட்டிய வருஷமே," என்று மிஸஸ் ஹாலோவே பெருமையாகச் சொன்னாள். அதற்குப் பிறகும் நிறையப் பேர். கார் வந்த பிறகுதான் வழக்கம் விட்டுப்போனது.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் வெண்பாவுக்கு நிச்சயம். ஹாலை புக் பண்ணுவது எப்போதும்போல வசந்தாமணி. இடம் பார்க்க வந்த சாரதா காரை விட்டு இறங்கியதும் அந்த வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ரோஜா அப்போதுதான் பூத்திருந்தது.

"அக்கா, இத்தன நாளா இதக் கவனிக்கவே இல்லீங்களே. அப்படியே மண்டபமாட்ட இருக்குது. உப்புச்சக்கரை மாத்தறத இங்கயே வெச்சுக்கலாமுங்களா? போட்டோல அள்ளும்."

உப்புச்சக்கரை மாற்றினால்தான் எங்கள் பக்கம் பேச்சு உறுதியான கணக்கு. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டை மாற்றிக்கொள்வார்கள்.

வசந்தாமணி வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள் என்று அவளே பின்னால் நம்பினாள். அதற்குள் சாரதா, "நம்ம வான்மதிக்கும் சீக்கிரம் ஒண்ணு அமையோணுமுங்க. இப்பல்லாம் மயக்கம் கியக்கம் வர்றதில்லையல்ல?" என்று கேட்டாள்.

"அம்சமா இருக்கும் சாரதா," என்றாள் வசந்தாமணி. "கல்லு மேலயே தட்டெல்லாம் பரப்பிக்கலாம். தோதா நீளமா இருக்குது பாரு."

"மேல என்னுங்க எழுதிருக்குது?"

"நல்வரவுன்னு இருக்கும்."

கல்யாணத்தை நிறுத்துவது அவள் எண்ணமில்லை. வெண்பா நல்ல பெண், வழியில் பார்த்தால் நின்று 'ஆன்ட்டி' என்று கூப்பிடுகிற பெண். அவள் மேல் துரும்பு படக்கூடாது. அதனால் வெயில் என்று சாக்குச் சொல்லி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஹாலுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்காரவைக்க வசந்தாமணியே ஏற்பாடு செய்தாள். கல்லைத் தொடப்போவது சம்பந்தியம்மாள்கள் இரண்டு பேர். ஒருத்தி போன் செய்தவள், இன்னொருத்தி அதைக் கேட்டு நம்பியவள். கல்யாணம் நடக்கட்டும், போட்டோ சட்டம் போட்டுச் சுவரில் ஏறட்டும், அப்புறம் சாரதாவுக்கு மட்டும் சொல்லவேண்டும். வாழ்நாள் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் காபி குடிக்கவேண்டும். இதுதான் கணக்கு. இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டே முந்தின நாள் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாக்கோலமும் போட்டாள். கோலம் ரொம்ப நன்றாக வந்தது.

நிச்சயத்தன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கல் மேல் தேங்காய், பழம், வெற்றிலை, ஜவுளி, நடுவில் உப்பும் சர்க்கரையும். பர்வதம் மயில்கழுத்துப் பட்டில் ஒரு பக்கம், சாரதா அரக்குப் பட்டில் எதிர்ப்பக்கம். அப்போது சாரதா யாரும் கேள்விப்படாத ஒரு சடங்கைக் கண்டுபிடித்தாள்.

"தட்ட ஒரு கன்னிப்பொண்ணு எடுத்துக் குடுக்கோணுமுங்க. வான்மதி கண்ணு, நீ வா. கைய நல்லா கல்லு மேல ஊனிக்கோ, மயக்கம் வந்தா புடிச்சுக்கலாம்." நாலு பேர் சிரித்தார்கள். பர்வதம் சிரிக்கவில்லை, ஆனால் வான்மதியை ஏற இறங்கப் பார்த்தாள். அது இன்னும் மோசம்.

வான்மதியின் காதெல்லாம் சிவந்துபோனது. "இட்ஸ் ஓகேம்மா, ஐ வில் டூ இட்," என்று முணுமுணுத்துவிட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வசந்தாமணி கல்லைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கல்யாணமாகாத பெண், பிணம் கிடத்திய கல். இந்த நிமிஷம் உண்மையைச் சொன்னால் மகள் தப்பிப்பாள், ஆனால் சாரதாவும் தப்பிப்பாள். அவசரமாக ஹாலுக்குள் போய் வேறு தட்டில் வேறு உப்பு வைத்துக்கொள்வார்கள், ஒரு மாதத்தில் அது சிரிப்புக் கதையாகிவிடும். சொல்லாவிட்டால் வான்மதி கை வைப்பாள். மகள் கல்லுக்கு இரண்டடி முன்னால் வந்துவிட்டாள்.

"நீ இரு சாமி," என்று வசந்தாமணி அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். "நா எடுக்கறேன்."

"கன்னிப்பொண்ணுன்னு சொன்னனுங்களே அக்கா," என்றாள் சாரதா.

"சுமங்கலி கைன்னா இன்னும் விசேசமுங்க," என்று பர்வதம் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

போட்டோ எடுத்த மணியனுக்கு ஒரே குஷி. "அக்கா, அப்படியே ரெண்டு கையும் கல்லு மேல வெச்சு கேமராவப் பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

நல்ல வெயிலிலும் கல் சில்லென்று இருந்தது. வசந்தாமணி இரண்டு கையையும் வைத்தாள். தட்டை எடுத்து மாற்றிக் கொடுத்தாள். சிரித்தாள். அவள் கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பு கிடையாது.

ஆவணியில் சொந்த ஊரான கோபியில் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. திரும்பி வந்ததும் சாரதா வசந்தாமணியைக் காபிக்குக் கூப்பிட்டாள். ஃபயர்ப்ளேஸுக்கு மேலே, தங்க நிறச் சட்டத்துக்குள், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக அந்தப் போட்டோ தொங்கியது. ரோஜாக்கூரை, கல், தட்டுகள், இரு பக்கம் இரு சம்பந்திகள், நடுவில் குனிந்து சிரிக்கிற வசந்தாமணி.

"பாத்தீங்களா, பர்வதம் அக்காவே இதத்தான் பெருசா போடச் சொன்னாங்க."

வசந்தாமணி காபியை ஆற்றிக்கொண்டே அந்த மேடையின் சரித்திரத்தைச் சொன்னாள். சூளை முதலாளியில் ஆரம்பித்து, மழை, கூரை, பாதிரியார் எதையும் விடவில்லை. மிஸஸ் ஹாலோவே கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பாள்.

சாரதா உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளைக்காரன் பொணமுங்க. அதெல்லாம் நமக்கு ஒட்டாது."

"ஒட்டாதுதான்."

"தெரிஞ்சிருந்தும் ஏனுங்க்கா அப்பவே சொல்லல?"

"பர்வதத்துக்குப் போன் பண்ணயே, அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டயா?"

சாரதா எழுந்துபோய்ச் சட்டத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்தாள். "இத எடுத்துப் போடறேன்."

"எடு. கிறிஸ்மஸ் லீவுக்குச் சம்பந்தி வந்து எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

சாரதா கையை எடுத்தாள். பிறகுதான் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. திரும்பியபோது முகத்தில் கொஞ்சம் வெற்றிகூடத் தெரிந்தது. "நாங்க தட்டத்தானுங்க தொட்டோம். கல்லுல ரெண்டு கையும் ஊனிட்டு நிக்கறது நீங்க. உங்களுக்குத்தான் எல்லாத் தீட்டும்."

"ஆமா. தெரிஞ்சுதான் வெச்சேன்," என்றாள் வசந்தாமணி. "வீட்டுக்குப் போனதும் பின்வாசல் வழியாப் போயி, கட்டியிருந்த பட்டோட தலைக்குத் தண்ணி ஊத்திட்டேன். புடவை போச்சு, போகட்டும். கல்லுல இருந்த தட்ட வாங்கின கையோட நீ அன்னைக்கு நேரா எங்க சாரதா போன? பந்தி பரிமாறின. பூசை ரூம்ல வெளக்கு வெச்ச. பொண்ணுக்கு நெத்தில பொட்டு வெச்சு உட்ட."

சாரதா தன் காபி டம்ளரை டேபிளில் ஓரமாக நகர்த்திவைத்தாள். மாடிப்படி ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம், அப்புறம் ஷவரில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். வசந்தாமணி சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மிச்சக் காபியை மெதுவாகக் குடித்தாள். குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்போதும் மேலே தண்ணீர் நிற்கவில்லை.