பூட்டு மன்றத்தின் முத்திரை

சலூன்காரருக்கு ஊரார் வைத்த பேர் ரேடியோ. காலையில் கடைக் கதவைத் தூக்கினால் விளக்கை அணைக்கிறவரை அவர் வாய் ஓயாது. கத்தரியாவது நடுவில் கொஞ்சம் ஓய்வெடுக்கும். யார் வீட்டில் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்த அதிகாரி எதற்காக மாற்றலாகிப் போனார், எல்லாம் அவரிடம் கிடைக்கும். கிடைக்காததை அவரே கண் காது மூக்கு வைத்துச் செய்து கொடுப்பார். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அவர் கடைக்கு எதிர்வரிசையில், சற்றுத் தள்ளி, சகோதர மன்றம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே ஜன்னல் வைத்த கட்டடம். மாதத்தில் சில சாயங்காலங்களில் ஆண்கள் சிலர் கையில் சின்னத் தோல்பெட்டியோடு உள்ளே போவார்கள். கதவு சாத்தும். தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று போனவர்கள் சொல்வதில்லை. அவர்கள் சொல்லாததை ஊர் சொன்னது. சவப்பெட்டியில் படுக்க வைத்துச் சத்தியம் வாங்குகிறார்கள் என்றது. கைகுலுக்கும்போது விரலை மடக்கினால் வேலை உயர்வு வீடு தேடி வரும் என்றது. பூட்டு மன்றம் என்று பேரும் வைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆட்கள் காத்திருந்தபோது மளிகைக்கடைக்காரர் ரேடியோவின் வாயைப் பிடுங்கினார்.

"ஊர்ல உள்ள தலையெல்லாம் உன் கையிலதான் இருக்கு. அவனுங்களும் உன்கிட்டதானே முடி வெட்டிக்கறானுங்க? ஒண்ணையும் கண்டுபிடிக்கலையா நீ?"

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

"கண்டுபிடிக்காம என்ன? சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். சேர்றவனுக்கு வலது காதுக்குப் பின்னால ஒரு முத்திரை வைக்கறாங்க. சூடு போட்டு. காசு அளவுக்கு வட்டமா இருக்கும். முடி மறைச்சிடும். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

கடை அப்படியே அடங்கிப் போனது. கண்ணாடிக்குள் இருந்த முகங்கள் அத்தனையும் அவரையே பார்த்தன. பெஞ்சில் இருந்த ஒருவர் தன்னை அறியாமல் காதைத் தடவிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க ரேடியோவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அவருக்குள்ளே இன்னொரு ஆசை இருந்தது. பல் டாக்டர், பொறியாளர், நீதிமன்றத்துக் குமாஸ்தா எல்லாரும் கூட்டம் முடிந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நடந்து போவதைக் கடை வாசலில் நின்று, தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருப்பார். ஊரையே சிரிக்க வைக்கிறார். வாங்க, வந்து கூட உட்காருங்க என்று ஒரு மனிதர் சொன்னது கிடையாது. வேலை முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

பல் டாக்டர் தான் மன்றத்தில் இருப்பதை ஒளித்ததே இல்லை. கேட்டால், ஆமாம் என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். ஒருநாள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்து ரேடியோ கேட்டார்.

"டாக்டர், எங்களை மாதிரி ஆளுங்களையெல்லாம் உங்க மன்றத்துல சேர்த்துப்பாங்களா?"

டாக்டர் நுரை பூசிய முகத்தோடு கண்ணாடி வழியாகப் பார்த்தார். "நாங்க யாரையும் கூப்பிடறதில்ல. கேட்டா யோசிப்போம். இப்ப நீங்க கேட்டுட்டீங்க."

சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த அன்று, கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துப் போனபோது ரேடியோவுக்கு வலது காது தானாகவே கூசியது. தான் கட்டிய கதையைத் தானே நம்பிக்கொண்டு சூட்டுக்காகக் காத்திருந்தார். சூடும் இல்லை, சவப்பெட்டியும் இல்லை. கட்டை அவிழ்த்ததும் நீலப் பட்டை ஒன்றை மார்பில் குறுக்காகப் போட்டார்கள். மனப்பாடமாகச் சில வரிகள் சொல்லச் சொன்னார்கள். பிறகு தேநீரும் நமுத்துப்போன பிஸ்கட்டும் வந்தன. கூட்டத்தில் பாதி நேரம் மின்விசிறியை யார் பழுது பார்ப்பது என்ற சண்டையிலேயே போனது.

டாக்டர் அவருக்கு ஒரே ஒரு விதியைத்தான் அழுத்திச் சொன்னார். "உங்களைப் பத்தி நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கலாம். உள்ள இருக்கற இன்னொருத்தர் பேரை மட்டும் வெளியில விடக் கூடாது."

ரேடியோ தன்னைப் பற்றியும் சொல்லிக்கொள்ளவில்லை. கூட்ட நாட்களில் பின்வாசல் வழியாகப் போய் வந்தார். வீட்டில் மனைவியிடம் சலூன்காரர்கள் சங்கக் கூட்டம் என்றார். அவர் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு, அந்தக் கட்டடத்தின் பக்கம் நிழல்கூடப் படாமல் நடக்கிறவள் அவள். கடையிலோ, தன்மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று முன்னைவிட இரண்டு மடங்கு மன்றத்தைத் திட்டினார். டாக்டர் தோளில் கைபோட்டு அழைத்த அந்தச் சாயங்காலங்களையும் விட மனசில்லை. கடையில் கிடைக்கிற கைதட்டலையும் விட மனசில்லை.

அந்தச் சமயத்தில்தான் மைதானத் தகராறு வந்தது. மன்றத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் காலியிடத்தை நகராட்சி அந்தப் பூட்டு மன்றத்துக்கே குத்தகைக்கு விட்டு, கம்பிவேலி போட்டுவிட்டது. ஊர் கொதித்தது. உள்ளே விசாரித்த ரேடியோவிடம் பொறியாளர், "அதெல்லாம் மேல பேசி முடிச்சாச்சு," என்று சிரித்தார். ஊர் கோபப்பட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

வெளிப்படையாகப் போய் வருகிற சிலரைத் தவிர மன்றத்து ஆட்கள் இன்னும் யார் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று கிளம்பினார்கள். முத்திரைக் கதை கடையை விட்டு எப்போதோ வெளியே போயிருந்தது. முதலில் விளையாட்டாக ஒருவர் காதை ஒருவர் மடக்கிப் பார்த்தார்கள். பிறகு அது விளையாட்டாக இல்லை.

பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போகும் டிரைவர் ஒருவர் இருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வீட்டுக் கதவு திறந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். ஒரு வெயில் நேரத்தில் பள்ளிக்கூட வாசல் குழாயில் குனிந்து தலையை நனைத்தார். ஈரத்தில் முடி ஒதுங்கியது. பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு தாய் பார்த்தாள். வலது காதுக்குப் பின்னால், வட்டமாக, காசு அளவுக்கு ஒரு தழும்பு.

சேதி கடைக்கு வந்தபோது ரேடியோவின் கையில் கத்தரி நின்றது.  அந்தத் தழும்பு அவருக்குத் தெரியும். சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் தெறித்தது என்று டிரைவரே சொல்லியிருக்கிறார். "அண்ணே, காது மறையற மாதிரி கொஞ்சம் நீளமா விடுங்க," என்று ஒவ்வொரு தடவையும் கூச்சத்தோடு கேட்பார். கதைக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் வாய் அதை எங்கிருந்து எடுத்தது என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வேன் காலியானது. இரண்டே பிள்ளைகள் மிஞ்சினார்கள். அப்புறம் அவர்களும் இல்லை. யாரோ ஆணியால் வண்டிக் கதவில் பூட்டுப் படம் கீறிவிட்டுப் போனார்கள்.

டிரைவர் கடைக்கு வந்தார். நாற்காலியில் ஓர் ஆள், பெஞ்சில் மூன்று பேர். உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"அண்ணே, இது எண்ணெய் தெறிச்சதுன்னு உங்களுக்குத் தெரியும். எத்தனை வருஷமா எனக்கு முடி வெட்டறீங்க. மன்றம் எந்தப் பக்கம் திறக்கும்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. நீங்க சொல்லித்தானே இதையும் நம்பினாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் குத்திக்காட்டவே இல்லை. வெகுளியாகத்தான் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் ரேடியோவின் வாயைப் பார்த்தார்கள்.

ரேடியோ சீப்பைத் தட்டினார். "நான் தினம் எத்தனை தலையைப் பார்க்கறேன் தம்பி... யாருக்கு எங்க என்ன தழும்புன்னு எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

டிரைவர் முடியை இழுத்துக் காதை மறைத்துக்கொண்டார். "சரிண்ணே," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பெஞ்சில் ஒருவர், "பார்த்தியா, எப்படி நடிக்கிறான்," என்றார். ரேடியோ கண்ணாடியை நிமிர்ந்து பார்க்காமல் நாற்காலியில் இருந்தவரின் முடியை வெட்டி முடித்தார். கிருதா ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கியிருந்தது. அந்த ஆளும் கவனிக்கவில்லை.

மறுநாள் பல் டாக்டர் சவரத்துக்கு வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை.

"அந்த வேன் டிரைவர் எங்க ஆள் இல்லன்னு பள்ளிக்கூடத்துல போய்ச் சொன்னேன்," என்றார். "ஆளாளுக்குச் சிரிச்சாங்க. 'உள்ள இருக்கறவர் வேற என்ன சொல்லுவீங்க'ன்னு கேட்டாங்க. அதுவும் சரிதான்."

ரேடியோ பிரஷ்ஷால் நுரையைக் குழைத்துக்கொண்டே இருந்தார்.

"காது முத்திரை கதையை யார் ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியும். நீங்க சேர்றதுக்கு முன்னாலயே தெரியும். பேசற மனுஷன், உள்ள வந்து பார்த்தா அடங்கிடுவார்னு நினைச்சேன்." அவர் குரல் உயரவில்லை. "உங்க பேரை நான் சொல்ல மாட்டேன். அது என்னால முடியாது."

ஒரு அறை விட்டிருந்தால்கூட ரேடியோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேனை நிறுத்திவிடுவதா என்று முடிவு செய்யப் பெற்றோர் கூட்டம் கூட்டியிருந்தார்கள். பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரும் அவர் மனைவியும் கடைசி வரிசையில், சுற்றிலும் இடம் காலியாக இருக்க, தனியாக இருந்தார்கள். ரேடியோ உள்ளே நுழைந்ததும் மளிகைக்கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார்.

"வா வா, நீதான் சாட்சி சொல்ல வேண்டிய ஆள்!"

ரேடியோ முன்னால் போய் நின்றார். 

"முத்திரைன்னு ஒண்ணும் கிடையாது. நான் சும்மா கட்டிவிட்டது."

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "எவ்வளவு வாங்கின ரேடியோ?" என்றது ஒரு குரல். "மிரட்டிட்டாங்களா?" என்று உண்மையான கரிசனத்தோடு கேட்டாள் ஒரு தாய். மன்றத்து ஆட்களுக்கு எவ்வளவு செல்வாக்கு பாருங்கள், ரேடியோவையே வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பக்கத்தில் பேச்சு கிளம்பியது. பொய்யைச் சொன்னபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே ஆட்கள்.

அவர் கையில் இருந்த பையைத் திறந்து நீலப் பட்டையை எடுத்தார். அது ஒருமுறை கைதவறித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து மார்பில் குறுக்காகப் போட்டுக்கொண்டார்.

"நான் உள்ள இருக்கற ஆள். என் காதைப் பாருங்க." தலையைக் குனிந்து, வலது காதை மடக்கிக் காட்டியபடி முதல் வரிசைக்கு முன்னால் நடந்தார். "எனக்கு ஒண்ணும் வைக்கல. யாருக்கும் வைக்கறதில்ல. அவர் காதுல இருக்கறது எண்ணெய் பட்ட தழும்பு. எனக்கு முன்னாலயே தெரியும். கடையில வந்து கேட்டப்போ தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு. நடு வரிசையில் இருந்த தன் மனைவியை அப்போதுதான் பார்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்களோடு வந்திருக்கிறாள். அவள் பட்டையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. தட்டை வைத்தாள், எடுத்தாள். கடைசியில், "அந்தக் கட்டடத்தைத் தாண்டணுமேன்னு நான் தெருவைச் சுத்திக்கிட்டுப் போவேன். மூட்டு வலியோட," என்றாள். "நீங்க அதுக்குள்ள உக்காந்து டீ குடிச்சிருக்கீங்க."  காலையில் அவர் முகம் கழுவும்போது பின்னால் வந்து நின்று, ஈரக் காதை மெதுவாக மடக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். அத்தனை சொன்ன பிறகும் பார்த்தாள்.

வேனில் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், எல்லாரும் அல்ல. சலூனுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் அவர் பேச்சை எடுத்தால் பேப்பரை விரித்துக்கொண்டார்கள். மன்றத்துக்கு அவர் பிறகு போகவில்லை. பட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது டாக்டர் வாங்கிக்கொண்டார். இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

ஒரு விடுமுறை நாளில் மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனார். டிரைவரின் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் கைகூப்ப எழுந்தபோது டிரைவர் தடுத்தார்.

"அதெல்லாம் வேண்டாம்ணே. கூட்டத்துல சொன்னீங்க, போதும். என் பொண்ணுதான்... 'அப்பா, நிஜமாவே நீங்க அதுல இல்லையா'ன்னு கேட்டா. இல்லம்மான்னேன். மறுபடியும் கேட்டா. இப்பவும் ஒருமாதிரியாத்தான் பார்க்கறா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"பாப்பாவைக் கூப்பிடுங்க. நானே சொல்றேன்."

உள்ளேயிருந்து அவள் வந்தாள். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. அப்பாவின் கையைப் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளியே நின்றாள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் ரேடியோ நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, உங்க அப்பா எதுலயும் இல்ல. அதுல இருந்தவன் நான். அப்பா காதுல இருக்கறதைப் பார்த்துத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்."

"ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். 

"கடையில எல்லாரும் என்னையே பார்த்தாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

அவள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்மா."

அவள் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கம் போய் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு அவள் தலையில் கையை வைத்தார். தன்னை யாரும் பார்க்கவில்லை என்பதை உணர்ந்து ரேடியோ எழுந்து, சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.