மெத்தை லாரியும் விளக்குக் கம்பமும்

மெத்தை லாரி குறுக்கே வந்து கால் முறிந்த மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். லாரியில் மோதி முறியவில்லை. மோதியிருந்தால் முறிந்திருக்காது. அதில் மோதிவிடக் கூடாது என்று என் மனைவி காரைத் திருப்பியதால் முறிந்தது.

மெத்தைக் கடை வாசலிலிருந்து அந்த லாரி பின்பக்கமாகவே வந்து சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே கூரை வரைக்கும் மெத்தைகள். நேராகப் போய் முட்டியிருந்தால் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருப்போம். நான் ஏற்கெனவே தூங்கிக்கொண்டுதான் வந்தேன். பாதிக் கண் திறந்தபோது எதிரே மெத்தைகள் தெரிந்தன. நல்ல கனவு என்று மறுபடியும் மூடிக்கொண்டேன். அடுத்த முறை திறந்தபோது மடியில் விளக்குக் கம்பம் உட்கார்ந்திருந்தது.

அவள் கை ஏன் கம்பத்துப் பக்கம் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைத் தப்பாக நினைப்பீர்கள். என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஓய்வு பெறும்வரை, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பிள்ளையையும் உட்காரவிட்டதில்லை. அழுதாலும் சரி, ஹெட்மாஸ்டரின் பேரனாக இருந்தாலும் சரி, பின்னால்தான். அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் பெல்ட் போட்டுக்கொண்டு முன்னால் வரும். ஆபத்து என்று வந்தால் காலி இருக்கைப் பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவள் கைக்குப் பாடம். அன்றைக்கும் கை பாடத்தைச் சரியாகத்தான் ஒப்பித்தது. இருக்கை காலியில்லை என்பது கைக்குத் தெரியாது. நானும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். வழக்கம்போல் பேசிக்கொண்டு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

தொடையில் தகடு வைத்தார்கள். முழங்காலுக்குத் திருகாணி போட்டார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். ஆயுசு முழுக்க அடுத்தவன் கட்டடத்தில் திருகாணி முடுக்கியவன். எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்துவிட்டு, கீழே இருப்பது அரைச்சுற்று தளர்வாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டு என்னைத் தூங்க வைக்கச் சொன்னார்.

என் மனைவிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே கார்ச் சாவியைத் தையல் மெஷின் டிராயருக்குள் போட்டு மூடினாள். அதோடு இன்னொன்றும் நின்றது. வண்டி ஓட்டும்போது அவளிடமிருந்து ஒரு ஹம் கிளம்பும். பாட்டு என்று அதைச் சொன்னால் பாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எஞ்சின் எந்தச் சுதியில் ஓடுகிறதோ அந்தச் சுதி. பழக்கதோஷத்தில் பாத்திரம் கழுவும்போதும் அதே ஹம்தான். அது நின்ற பிறகு எங்கள் வீட்டில் குழாயில் தண்ணீர் சொட்டுவது எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

என் மச்சினன், அவளுடைய தம்பி, ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்திவிட்டுச் சொல்ல வந்தான்.

"அக்கா, வண்டி ரெடி. இடது கதவு மட்டும் கொஞ்சம் முனகும்."

"யாராவது கேட்டா குடுத்துடு."

"நெசமாத்தான் சொல்றியா?"

"இனிமே நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்டா. அவர நடக்க வச்சிட்டா எனக்கு அது போதும்."

நான் அவனுக்குக் கண்ணைக் காட்டினேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் காதருகில் குனிந்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் இழுத்தடிக்கிறேன் மச்சான். அதுக்குள்ள அக்கா மனச மாத்துங்க."

மாற்றுவதற்கு என்னிடம் இருந்தது மடங்காத ஒரு கால். அந்தக் காலோடு அதே இருக்கையில் நானாகவே போய் உட்கார்ந்துவிட்டால் அவள் வண்டியை எடுப்பாள் என்று நம்பினேன். வேறு யோசனை ஒன்றும் வரவில்லை.

பிசியோதெரபி கொடுக்கும் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் ஜெயிலர். சின்ன வயசு, நீளக் கை, சிரிக்காத முகம். பெயர் வைத்தது அவளுக்கும் தெரியும். தப்பிக்க முடியாது என்று தெரிந்தவர்களுக்கே உரிய மரியாதையுடன் நான் கட்டிலில் படுத்தேன். என் மனைவி மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வலி எவ்வளவு சார்? ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து."

"வலியா? எனக்கா?"

"நம்பர் சொல்லுங்க."

"பூஜ்யத்துக்குக் கீழ ஏதாவது இருக்காம்மா?"

ஜெயிலர் முழங்காலை மடக்கினாள். அப்போதுதான் எனக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. கயிறு அறுந்து விழுந்த லிஃப்டை ஏழாவது மாடியில் தோளால் தாங்கிப் பிடித்தேன். உள்ளே கல்யாண கோஷ்டி. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அங்கேயே மனஸ்தாபம் வந்து, அங்கேயே சமாதானமும் ஆகும்வரை தோளை எடுக்கவில்லை. ஜெயிலர் கதையைக் கேட்டுக்கொண்டே இன்னும் மடக்கினாள். மறுநாள் என் முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. காய்கறிக் கடைக்காரர் எங்கே வாங்கினது என்று கேட்டார்.

அன்றைக்கு மூலையிலிருந்து என் மனைவி வாயைத் திறந்தாள்.

"அவர்கிட்ட நம்பர் கேக்காதம்மா. கட்டிக்கிட்ட நாள்லருந்து அவருக்கு எங்கயும் வலிச்சதே இல்ல. பல்லு புடுங்குனப்பவும் வலிக்கல, பல்டாக்டருக்குத்தான் கை வலிச்சுதாம்."

"அப்ப நான் எப்படி ஆன்ட்டி கண்டுபிடிக்கிறது?"

"வாயக் கவனி. பொய் எவ்வளவு பெருசோ, வலி அவ்வளவு."

நான் பொய் சொல்வதில்லை. நடந்ததன் ஓரத்தை மடித்துத் தைக்காமல் கொஞ்சம் நீளமாக விட்டுவிடுவேன், அவ்வளவுதான். ஆனால் ஜெயிலர் அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்டுக்குள் எலி புகுந்தது என்று நான் ஆரம்பித்தால், இன்னும் மடக்கலாம். எலி கிரவுண்ட் ஃபுளோர் பட்டனை அழுத்தியது என்றால், அங்கேயே நிறுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்த எலி எனக்கு நன்றி சொன்னது என்றால் காலை இறக்கி ஐஸ் வைத்துவிடுவாள். அதன் பிறகு முழங்கால் பூசணி ஆகவில்லை. நாளுக்கு நாள் மடங்கியது.

பக்கத்தில் தோள் பிடித்துக்கொண்ட தையல்காரர் ஒருவர், சுவரில் மாட்டிய கப்பியில் கயிற்றை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கதை பாதியில் நிற்பது பிடிக்கவில்லை.

"அந்த எலி அப்புறம் எங்க போச்சு அண்ணே?"

"கேக்காதீங்க," என்றாள் ஜெயிலர். "அது எங்கயாவது போச்சுன்னா அவர் கால் தாங்காது."

காரில் ஏறுகிற பயிற்சி ஒரு நாள் வந்தது. ஜெயிலர் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். முன்னால் ஒரு ஸ்டூல், அது டாஷ்போர்டு. ஜன்னல் திரை, கார்க் கதவு.

"வலது கால முதல்ல உள்ள வைங்க சார்."

மூலையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்படி ஏறினா மண்டை இடிக்கும்மா."

"இப்படித்தான் ஆன்ட்டி நான் ஏறுவேன்."

"நீ ஏறுவ. உனக்குக் கால் ரெண்டும் உன்னோடது. இவருக்கு ஒண்ணு ஆஸ்பத்திரிக்காரங்க குடுத்தது." எழுந்து வந்து ஸ்டூலைக் காலால் முன்னே தள்ளினாள். "டாஷ்போர்டு இங்க வரும். மொதல்ல முதுகக் காட்டி உக்காரணும். அப்புறம் ரெண்டு காலையும் ஒண்ணா உள்ள எடுக்கணும். என் வேன்ல எல்.கே.ஜி பிள்ளைங்க அப்படித்தான் ஏறும். தெரியாத மாதிரி நிக்கிறாரு பாரு."

ஜெயிலர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பக்கத்துல ஆள் இல்லாம இடம் எவ்வளவு இருக்குன்னு தெரியல ஆன்ட்டி. சும்மா அந்தச் சேர்ல உக்காருங்களேன்."

அவள் உட்கார்ந்தாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்தேன். முழங்கால் ஸ்டூலில் போய் இடித்தது. நான் திரும்பிப் பார்த்தபோது என் மனைவி இல்லாத கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு தோளுக்கு மேலிருந்து இல்லாத பெல்ட்டை இழுத்து மாட்டினாள். இடது கை தானாகவே கீழே இறங்கி, அங்கே இல்லாத கியரைப் போட்டது.

"சிக்னல் விழுந்துடுச்சு," என்றார் தையல்காரர் கப்பியிலிருந்து. "எடுங்கக்கா, பின்னாடி பஸ் நிக்குது."

அவள் எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் அந்த ஹம் கிளம்பியது.

என் முழங்கால் உள்ளே கிழிந்துகொண்டிருந்தது. லிஃப்ட் ஒன்று மொட்டைமாடியைப் பிய்த்துக்கொண்டு மேகத்துக்குள் போய், நான் கீழேயிருந்து அதட்டியதும் திரும்பி வந்த கதை தொண்டை வரை வந்துவிட்டது. முழுங்கினேன். பேசினால் ஹம் நின்றுவிடும். தையல்காரர் கயிற்றை இழுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வளைவு ஒன்று வந்திருக்க வேண்டும். அவள் கைகள் காற்றில் என் பக்கமாகத் திரும்பின. திரும்பிய கைகளை அவளே பார்த்தாள். நாற்காலியைவிட்டு எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸில் அவளாகவே சொன்னாள். "அது நாற்காலி. நாற்காலிக்கு முன்னாடி கம்பம் வராது."

மாசக் கடைசியில் மச்சினன் காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அதைப் பார்க்க ஓர் ஆள் மதியம் வருவதாகச் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்தான். நான் கைத்தடியை வெளிக்கதவில் மாட்டிவிட்டு இறங்கினேன். காரின் இடது கதவைத் திறந்தேன், முனகியது. முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்தேன். முழங்காலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம் மிச்சமிருந்தது.

என் மனைவி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"சரி, பார்த்துட்டேன். இறங்குங்க."

"முடியாது."

"ஏன்?"

"ஏறத்தான் சொல்லிக் குடுத்திருக்கா. இறங்குறது அடுத்த வாரம்."

மச்சினன் இருமினான்.

"வெளையாடாதீங்க. அப்படியே போகணும்னா அவன் ஓட்டட்டும். நீங்க பின்னாடி போய் உக்காருங்க."

"நான் என்ன எல்.கே.ஜியா?"

"அந்த சீட்டுல யாரும் உக்காரக் கூடாதுங்க." ஈரக் கையை விரித்துப் பார்த்தாள். "என் கைய நான் எப்படி நம்புறது? நீங்க அங்க இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியலயே."

இதற்கு நான் ஆஸ்பத்திரியிலேயே பதில் யோசித்து வைத்திருந்தேன். கையோடு கொண்டுவந்திருந்த அவளுடைய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்து, எனக்கும் அதற்கும் சேர்த்து பெல்ட்டை மாட்டினேன்.

"அன்னைக்கு நான் தூங்கிட்டேன். சத்தமே இல்ல. உன் கை, பாட்டில்தான் இருக்குன்னு நெனச்சுடுச்சு. இனிமே பேசிக்கிட்டே வர்றேன். பாட்டில் பேசாதுன்னு உன் கைக்குத் தெரியும்ல."

"வழி பூரா பேசுவீங்களா?"

"என்னிக்கு நிறுத்தியிருக்கேன்?"

அவள் உள்ளே போனாள். தையல் மெஷின் டிராயர் திறக்கும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. மச்சினன் டயரை மறுபடியும் சோதித்தான். பிறகு டிராயர் கேட்டது.

"மதியம் வர்ற ஆளுக்கு நான் என்னக்கா சொல்ல?"

"வண்டி வெளிய போயிருக்குன்னு சொல்லு."

முதல் தடவை எஞ்சின் அணைந்தது. இரண்டாவது தடவை கார் ஒரு குதி குதித்து நின்றது. பிறகு கிளம்பியது. தெருமுனை வரை அவள் மூச்சுவிட்ட மாதிரியே தெரியவில்லை.

"பேசுங்க."

நான் தேடினேன். லிஃப்ட், எலி, கல்யாண கோஷ்டி, ஒன்றும் வரவில்லை.

"வெயில் நல்லா இருக்கு," என்றேன்.

"அவ்வளவுதானா?"

"காத்தும் பரவாயில்ல."

அவள் ஒரு நொடி திரும்பி என்னைப் பார்த்தாள். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்ப வலியே இல்ல."

உண்மைதான். இல்லை.

மெத்தைக் கடைத் தெரு வந்தது. அவள் வேறு வழியாகச் சுற்றிப் போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. கடை வாசலில் புதிதாக நட்டுப் பெயின்ட் அடித்த கம்பம் நின்றது. காரின் வேகம் குறைந்தது. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் வெளுத்தன. நான் காய்கறி விலையையும் எங்கள் குழாய் சொட்டுவதையும் உரக்கப் பேசிக்கொண்டே வந்தேன். கம்பம் என் ஜன்னலைத் தாண்டிப் போனது.

பார்வையை ரோட்டைவிட்டு எடுக்காமலே அவள் சொன்னாள்:

"அன்னைக்கு அந்தக் கம்பம் நடு ரோட்டுலதான் நின்னுச்சு."

"ஆமா."

"நம்மளப் பார்த்ததும் ரெண்டு அடி முன்னாடி வேற வந்துச்சு."

"நானும் பார்த்தேன்."

ஜெயிலரின் கணக்கில் அவள் சொன்னதை அளந்து பார்த்தேன். எலி பட்டனை அழுத்திய அளவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஐஸ் வைக்க வேண்டிய வலி இல்லை.

அவள் கியரை மாற்றினாள். எஞ்சின் சுதி ஏறியது, அவளுடைய ஹம்மும் கூடவே ஏறியது. நான் பேச்சை நிறுத்தவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொண்டேன்.